மண் ராஜாவின் முகம்

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் என் தம்பி முகமூடி வீரர்களின் பொம்மைகளுக்கு வண்ணம் பூசினான்.

"நம்ம கூத்து ராஜா தொடையில அடி வாங்கினா செத்துடறாரு. இவங்க அடுத்த படத்துல எழுந்து வந்துடுவாங்க" என்று சீண்டுவான்.

"சாகவே மாட்டான்னா அதுல என்னடா வீரம்?" என்று எரிந்து விழுவேன்.

வேப்பூர் சாலையில் லாரி மோதி இறந்த தம்பியை முகத்தை மூடியே கொண்டுவந்தார்கள். யாரையும் திறக்க விடவில்லை. அம்மா அழவே இல்லை.

அந்த வருஷம் கூத்து முடியும் நாளான படுகளத்தன்று, தொடையில் அடிபட்டு விழுந்த கூத்து ராஜாவை வழக்கம்போல மைதானத்தில் களிமண்ணால் பெரிதாகப் படுக்கவைத்திருந்தார்கள். பெண்கள் சுற்றிலும் ஒப்பாரி வைத்தார்கள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, அந்த மண் கன்னத்தைத் தடவித் தடவி, வாய்விட்டு அழுதாள்.

"வூட்டுக்குப் போலாம்மா" என்றேன்.

"இருடா. இவன் மூஞ்சியாவது தெரியுது."