நட்டி என்று சொன்னால்

மகள் லண்டனிலிருந்து தன் வெள்ளைக்கார மாப்பிள்ளையோடு முதன்முதலாக எங்கள் ஊர் உடுப்பிட்டிக்கு வரப்போகிறாள் என்றதும் எனக்கு வந்த பயங்கள் சாதாரணமானவை. எங்கள் உறைப்பு அவருக்குத் தாங்குமா, கிணற்றுத் தண்ணீர் ஒத்துவருமா, ஊர்ச்சனம் என்ன கதைக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் மகள் வட்ஸ்அப்பில் எடுத்தாள்.

"அம்மா, அவருக்குக் கச்சான் கடலை ஒத்துக்கொள்ளாது. ஒரு பருப்பு உள்ளுக்குப் போனாலே தொண்டை வீங்கி மூச்சு அடைச்சிடும்."

"ஒரு பருப்போ?"

"ஓமம்மா. பகிடிக்குச் சொல்லேல்லை."

பின்னால் நின்ற என் கணவர் எட்டிப் பார்த்தார். "கச்சான் சாப்பிட்டு ஆரும் சாவினமோ பிள்ளை?" என்று கேட்டார். பின்னேரத்தில் கையில் ஒரு சரை வறுத்த நிலக்கடலை இல்லாமல் பேப்பர் வாசிக்காத மனுசன் அவர். "ஓம் அப்பா, சாவினம்," என்றாள் மகள்.

அன்றே குசினியைக் கவிழ்த்துக் கொட்டினேன். இருந்த கச்சானை அயல்வீட்டுக்குக் கொடுத்தேன். அது கிடந்த போத்தலைக் கழுவிவிட்டு, அதிலும் நம்பிக்கை வராமல் எறிந்தேன். அம்மியைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். எண்ணெயின் லேபிளை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தேன். என் கணவருடைய சேர்ட் பொக்கற்றில்கூடக் கை விட்டுப் பார்த்தேன். இரண்டு தோல் வந்தன.

அவர்கள் வந்த அன்று மகள் சின்ன நீலப் பையொன்றைத் திறந்து, தடித்த பேனை போன்ற இரண்டு ஊசிகளில் ஒன்றைக் காட்டினாள். "மூடியைக் கழட்டிப்போட்டுத் துடையிலை இறுக்கிக் குத்தி, கொஞ்ச நேரம் எடுக்காமல் பிடிக்கவேணும். போட்டிருக்கிற களிசானுக்கு மேலாலை குத்தினாலும் சரி." நான் தலையாட்டினேன். என் கையால் ஒரு மனுசனுக்கு ஊசி குத்துவது நடக்கக்கூடிய காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

மருமகன் நல்ல பிள்ளை. உயரம், கூச்சம், எதற்கும் "நல்லம் மாமி" என்ற சொல். அடுத்தநாள் காலை சிவப்பரிசி மாவை வறுத்துப் புட்டு அவித்து, மாம்பழத்தோடு வைத்தேன். ஒரு வாய் போட்டார், கண்ணை மூடினார், "நட்டி" என்றார்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இங்கிலிஷ் கதைக்க வாய் வராது, ஆனால் நட் என்றால் என்ன என்று தெரியும். என் கையிலிருந்த கோப்பை சரிந்து, தேநீர் மேசையெல்லாம் ஓடியது. "ஐயோ, நான் ஒண்டும் போடேல்லை! பிள்ளை, அந்த ஊசியை எடு!" என்று கத்தினேன். மருமகன் எழும்பி நின்று "ஸொறி, ஸொறி" என்றார். மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அம்மா, கச்சான் கிடக்கெண்டு அவர் சொல்லேல்லை. மாவை வறுத்தால் ஒரு வாசம் வருமெல்லோ, அதைத்தான் சொல்லுறார். அங்கை கோப்பிக்கும் சொல்லுவினம், சீஸுக்கும் சொல்லுவினம், பாணுக்கும் சொல்லுவினம்."

"கச்சான் வாயிலை வைக்காத ஆளுக்கு அந்த வாசம் எப்பிடித் தெரியும்?"

"கஜு சாப்பிடுவார், பாதாம் சாப்பிடுவார். கச்சான் மட்டும்தான் கூடாது. பிறகு, ஒரு ஆளைப் பாத்து நட்டி எண்டு சொன்னால் மண்டை கழண்டது எண்டு அர்த்தம்."

"அப்ப கொம்மாவுக்கும் அது பொருந்தும்," என்றார் என் கணவர், மேசையைத் துடைத்துக்கொண்டே.

அதற்குப் பிறகு அந்தச் சொல் வீட்டில் ஓயவில்லை. உழுத்தம்மாக் களிக்கு நட்டி. பனங்கிழங்கு மாவில் அவித்த ஒடியல் புட்டுக்கு நட்டி. மல்லி போட்டு இடித்த கோப்பிக்கும் நட்டி. நல்லெண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அவர் அதைச் சொன்னபோது எனக்கு விளங்கியது. வறுத்த எள்ளின் மணத்துக்கு எங்களிடம் தனியாக ஒரு சொல் இல்லை, நாங்கள் வாசம் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். என் கணவருக்கோ அது விளையாட்டாகிவிட்டது. மருமகன் வாயைத் திறக்க முதலே "நட்டியோ?" என்று கேட்பார். அவரும் பெருவிரலைக் காட்டுவார். முதல் சில நாட்கள் ஒவ்வொரு தரமும் நீலப் பை எங்கே என்று பார்த்தேன். பிறகு நானும் சிரிக்கப் பழகிவிட்டேன்.

அவர்கள் லண்டனுக்குத் திரும்பிப் போக முன்னம், கடலோரக் கொழும்புத்துறையில் என் தங்கச்சி வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு வரச்சொன்னார்கள். கச்சான் விஷயத்தை நான் போனில் சொல்லி, திரும்பச் சொல்லி, வாடகைக்குப் பிடித்த வானில் போகும்போதும் ஒருக்கால் சொன்னேன். "அக்கா, எனக்கென்ன விளங்காதோ?" என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. நண்டுக்குழம்பும் முருங்கைக்காய்க் கறியும் தன் கையால் சமைத்திருந்தாள். சாப்பிட்டு முடிய, கடற்கரையில் இறால் வந்திருக்கிறது என்று மகளையும் கூட்டிக்கொண்டு இறங்கினாள். போகும்போது மகள் நீலப்பையை என் மடியில் வைத்தாள். "வச்சிருங்கோ அம்மா, இந்தா வந்திடுவன்."

மேசையில் ஒரு தட்டு எள்ளுருண்டை இருந்தது. தங்கச்சி அதைத் தெருமுனையில் இருக்கும் ஒரு பெண்ணிடம் வாங்கியிருந்தாள். எள்ளும் பனங்கட்டியும்தானே என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். மருமகன் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"நட்டியோ?" என்றார் இவர்.

"நட்டி," என்றார் மருமகன். சிரித்துக்கொண்டு மிச்சத்தையும் வாயில் போட்டார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். நாக்கால் எதையோ தேடுவதுபோல வாயை அசைத்தார். "நட்ஸ்," என்றார்.

"ஓம் ஓம், நட்டி," என்றார் இவர்.

"நோ. மாமி. நட்ஸ்." மிச்சத்தைக் கையில் துப்பிக் காட்டினார். கறுப்பு எள்ளுக்குள்ளே வெள்ளையாகச் சின்னத் துண்டுகள். எள்ளு விலை கட்டாதென்று கச்சானை இடித்துச் சேர்த்திருந்தாளாம் அந்தப் பெண். எங்களுக்கு அது பிறகுதான் தெரியவந்தது.

அவர் கழுத்தைச் சொறியத் தொடங்கினார். சொறிந்த இடமெல்லாம் தடித்துச் சிவந்தது. உதடு பார்த்துக்கொண்டிருக்க வீங்கியது. என் மடியிலிருந்த பையை இழுத்து ஊசியை எடுத்தார், ஆனால் அது கை நழுவி மேசைக்குக் கீழே உருண்டது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. நிலத்தில் இருந்து, சுவரில் சாய்ந்து, மூச்சை இழுத்தார். விசிலடிக்கிறதுபோல ஒரு சத்தம் வந்தது.

"பிள்ளையைக் கூப்பிடுங்கோ! வானை எடுக்கச் சொல்லுங்கோ!" என்று நான் கத்த, இவர் செருப்பும் போடாமல் ஓடினார்.

நான் மேசைக்குக் கீழே தவழ்ந்து போனேன். ஊசி கையில் வந்தது. எந்தப் பக்கம் குத்துகிற பக்கம் என்று மறந்துபோயிற்று. மகள் காட்டியபோது நான் தலையை மட்டும் ஆட்டினேனே தவிர, கண் அதில் இருக்கவில்லை. பிழையாகக் குத்தினால் என்ன ஆகும், மருந்து வீணாய்ப் போனால் என்ன ஆகும், மகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று தலைக்குள் எல்லாம் ஒன்றாக ஓடியது. மருமகன் என் கையைப் பார்த்தார். அவருக்குக் கதைக்க முடியவில்லை. தன் விரலால் மூடியைத் தொட்டார். பிறகு தன் துடையைத் தட்டினார்.

மூடியைக் கழற்றினேன். "ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டு களிசானுக்கு மேலால் குத்தினேன். உள்ளே டக்கென்று ஏதோ விடுபட்ட மாதிரி இருந்தது. அவர் உடம்பு துள்ளியது. நான் கையை எடுக்கவில்லை. போதும் போதும் என்று மனம் சொன்ன பிறகும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மகள் காலெல்லாம் மணலோடு ஓடிவந்தபோது அவர் மூச்சில் அந்த விசில் சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. அவள் அழவில்லை, கத்தவில்லை. அவருடைய கையைப் பிடித்து நாடி பார்த்தாள், பையிலிருந்த மற்ற ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டாள், அவரை வானின் சீற்றில் கிடத்தச் சொன்னாள். ஆஸ்பத்திரி போகும் வரை அவருடைய முகத்தைவிட்டு அவள் கண் நகரவில்லை. வான் ஒவ்வொரு பள்ளத்திலும் விழும்போது நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டேன். அது சுடுகிறதா குளிர்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை.

உள்ளே கொண்டுபோய் ஒட்சிசன் வைத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள். கனநேரத்துக்குப் பிறகு ஒரு பெண் டொக்டர் வெளியே வந்தார். "இனிப் பயமில்லை. ஆனால் வீக்கம் திரும்ப வரலாம், அதாலை நாளை வரைக்கும் வச்சிருந்து பாக்கவேணும். ஆர் ஊசி போட்டது?" என்று கேட்டார். நான் என்றேன். "நல்ல வேளை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மகள் என்னைப் பிடித்து, சுவரோரம் கிடந்த நீள வாங்கில் இருத்தினாள்.

இவர் வாசலுக்கு வெளியே வெறுங்காலோடு நின்றார். உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டேன், வரவில்லை. "அவர் நட்ஸ் எண்டு சொன்னவர். நான் பகிடி விட்டுக்கொண்டு நிண்டனான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் மருமகன்தான் அவரைக் கேட்டு ஆளனுப்பினார். வீங்கின முகத்தோடு கையை நீட்டினார். இவர் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பின்னேரம் மகளும் நானும் வாங்கில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். தங்கச்சி தலைமாட்டில் நின்று அழுதுவிட்டு அப்போதுதான் போயிருந்தாள்.

"நல்லாப் பயந்திட்டீங்களோ அம்மா?"

"சீவன் போயிட்டுது பிள்ளை."

"எனக்கு ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான்," என்றாள். "கடையிலை சாப்பிட்டால் அவர் விழுங்கிற வரைக்கும் நான் சாப்பிடமாட்டன். பிளேனிலை பக்கத்துச் சீற்றுக்காரர் ஏதும் பிரிச்சால் எழும்பிப் போய்க் கேப்பன். அவர் வேலைக்குப் போய் மெசேஜ் போடாட்டில் எனக்கு வேலை ஓடாது."

இத்தனை வருசம் போனில் அவள் சொன்னதெல்லாம் குளிர், வேலை, வீட்டு வாடகை. இதை ஒருநாளும் சொன்னதில்லை. அவளுடைய கோப்பையில் தேத்தண்ணி ஆறிப்போய் இருந்தது. அதை வாங்கி வெளியே ஊற்றிவிட்டு, அவளுக்குச் சூடாக வேறொன்று வாங்கிவரப் போனேன்.