இது பனியல்ல

ஜெபின் போய்விட்டான். காலையில் மார்த்தாண்டத்திலிருந்து அவன் அம்மா போன் செய்தார்கள்... கொஞ்ச காலமாகவே டயாலிசிஸில் இருந்தான்.

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஒரு ஐ.டி. கம்பெனியில் எங்களுக்கு ஒரே டீம், ஒரே ஃப்ளாட். நான் திருநெல்வேலிக்காரன். வந்த புதிதில் ஒருநாள், "நல்ல பனி மக்கா, இன்னைக்கு லீவு" என்றான். ஏப்ரல் வெயிலில் பனியா என்று விழுந்து விழுந்து சிரித்தேன். மலையாளத்தில் மட்டுமில்லை, அவன் ஊர்த் தமிழிலும் பனி என்றால் காய்ச்சலாம். ஒரு வாரம் அதை வைத்தே ஓட்டினேன்.

இரண்டு வருடம் முன்பு ஒரு ரிலீஸ் வாரம். தூங்காமல் வேலை பார்க்க யாரிடமோ மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். போதை மாத்திரைதான். எனக்குத் தெரியும். "வேண்டாம்ல" என்று ஒருமுறை சொன்னேன்... ஒரே ஒருமுறை.

அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் ஃபுட்பால். உச்சி வெயில். எல்லோரும் நிழலுக்கு ஓடினோம், இவன் உட்காரவே இல்லை. தண்ணீர் கொடுத்தால் "தாகமே இல்லடே" என்றான். நாங்கள் கைதட்டினோம், மடையர்கள்.

ஃப்ளாட்டுக்கு வந்ததும் நடுங்கினான். "பனி மக்கா..."

உடம்பு கொதித்தது. காய்ச்சல் மாத்திரை கொடுத்து, கம்பளி போர்த்தி, ஜன்னலையும் சாத்தினேன்.

வலிப்பு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. டாக்டர் தொட்டுப் பார்த்ததுமே ஐஸ் கொண்டுவரச் சொன்னார். "இது பனியல்ல. எந்தெங்கிலும் கழிச்சோ?" ஏதாவது சாப்பிட்டானா என்று கேட்டார்.

"அறியில்ல சார்" என்று தெரியாதவன்போலச் சொன்னேன். போலீஸ், வேலை, அவன் அம்மா... எல்லாம் கண்முன் வந்துபோனது. அரை மணி நேரம் கழித்துத்தான் உண்மையைச் சொன்னேன்.

பிழைத்தான். ஆனால் மாத்திரையும் வெயிலும் சேர்ந்து ஏற்றிய சூட்டில் மூளை பாதித்து நடையும் பேச்சும் குழறிப்போயின. தசைகள் சிதைந்து, சிறுநீரகமும் கெட்டது. கோட் எழுதிய கைக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை.

ஒருநாள் காலை பத்து மணி, கிழக்கேகோட்டையில் குடிகாரன் என்று நினைத்து ஆட்டோக்காரர் ஏற்றவில்லை. "குடிக்காமலே... பேரு கெடச்சாச்சு" என்று குழறிச் சிரித்தான் ஜெபின். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உடனே சொல்லியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காதா என்று டாக்டரிடம் பிறகு கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

அந்த அரை மணி நேரத்தைப் பற்றி ஜெபினிடம் அப்போதே சொல்லி அழுதிருக்கிறேன். அவன் அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. போனில் நானே சொன்னேன்.

அவன் அம்மா, "நாலு மணிக்கு அடக்கம். வா மக்ளே" என்றார்கள்.

பஸ் ஏறிவிட்டேன், ஜெபின்.