ஒரே எண் பிடிக்கும் பெட்டி

தம்போய் ஊரில் ஒரு கிளினிக்குக்கு, நோயாளிகளை எண் போட்டு அழைக்கும் புரோகிராமை எழுதியவன் நான்தான்.

விஷயம் சின்னது. ஒரே புரோகிராமுக்குள் பல வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும். ஒவ்வொன்றையும் திரெட் என்போம். இரண்டு கவுண்டருக்கு இரண்டு திரெட், சுவரில் இருக்கும் திரைக்கு ஒன்று. தாதி பட்டனை அழுத்தினால் கவுண்டர் திரெட் எண்ணை ஒரு பெட்டியில் போடும். திரை திரெட் எடுத்துக் காட்டும். அந்தப் பெட்டியில் நான் ஒரே ஓர் எண்ணுக்குத்தான் இடம் வைத்திருந்தேன். திரை எடுப்பதற்குள் இன்னோர் எண் வந்து விழுந்தால் முதல் எண் போயே போச்சு. வந்த எண்களை வரிசையில் நிறுத்திவைக்க அரை நாள் வேலை. எனக்குச் சோம்பல்.

சோதித்துப் பார்த்த பெண் கேட்கத்தான் செய்தாள். "அண்ணே, ரெண்டு நர்ஸும் ஒரே நேரத்துல அமுக்குனா?"

"அதெல்லாம் அமுக்க மாட்டாங்க லா. நீ பாஸ் போடு."

எவ்வளவு திமிர்.

மூன்று மாதம் கழித்து அப்பா அங்கே போனார். சர்க்கரை வியாதி, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். எட்டு மணிக்கே எண் வாங்கிவிட்டார். பதினொன்றரைக்குத் தாதி எனக்குப் போன் போட்டாள்: "உங்கப்பாவுக்கு கிறுகிறுன்னு வருதாம், கொஞ்சம் வாங்க."

போனபோது அப்பாவின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பால் கலக்காத இனிப்புத் தேநீரான தே-ஓவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கையில் முப்பத்தேழாம் எண் சீட்டு. கவுண்டர் கணினியில் பதிவைத் திறந்தேன். முப்பத்தேழும் முப்பத்தெட்டும் ஒரே நொடியில் அழுத்தப்பட்டிருந்தன. திரைக்கு வந்தது முப்பத்தெட்டு மட்டும். முப்பத்தேழுக்கு ஆள் வரவில்லை என்று தாதி அடுத்த எண்ணுக்குப் போய்விட்டாள்.

"நம்பர் தாண்டிப் போச்சே, கவுண்டர்ல ஏம்பா கேக்கல?" என்றேன் அப்பாவிடம்.

பக்கத்து நாற்காலிக்காரர் முந்திக்கொண்டார். "நாங்க சொல்லாமலா? 'என் மவன் எழுதுன புரோகிராம், தப்பு பண்ணாது'ங்கிறாரு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் கண்ணு அசந்துட்டேன் போல. நீ யாருகிட்டயும் சண்டைக்குப் போவாத."

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தாதிகள் நின்றார்கள், மேனேஜர் நின்றார். வாயைத் திறக்கவில்லை நான். வீட்டிலும் சொல்லவில்லை. அன்று மாலையே புரோகிராமைத் திருத்திவிட்டேன்; அரை நாள் என்று நினைத்த வேலை, நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. அதை நினைத்தால்தான் என் மீதே எனக்கு அருவருப்பு வருகிறது.

இப்போதும் மாதம் ஒருமுறை அப்பா அங்கே போகிறார். திரையை விட்டுக் கண்ணை எடுப்பதே இல்லையாம். ஒன்றுக்கு வந்தால்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.