சிவப்புத் துணி கட்டிய குச்சிகள்

ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் மோட்டார் ஓட்டுகிற அவருக்கு 'ஆமைக்காரர்' என்று பெயர். ஆற்று மணலில் ஆமைகள் முட்டையிடும் மாதங்களில், ஷிப்ட் முடிந்த கையோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விடுவார். மணலுக்கு மேலே தலையை நீட்டும் ஒரு குஞ்சைப் படமெடுக்க இரண்டு மணி நேரம் குப்புறக் கிடப்பார். வீட்டில் பல்பு மாற்றச் சொன்னால் மட்டும் முதுகு வலிக்கும்.

முட்டையிட்ட இடம் மறந்துபோகாமலிருக்க, ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, மனைவியின் பழைய நைட்டியில் கிழித்த சிவப்புத் துணியைக் கட்டிவைப்பார். அந்த வருஷம் பதினொரு குச்சிகள்.

முதல் மூன்று குழிகளிலும் உடைந்த ஓடுகள்தான் மிச்சம். குஞ்சுகள் வெளியே வந்த தடம் மணலில் இருந்தது. ஆனால் தண்ணீர் வரைக்கும் போகவில்லை, பாதியிலேயே நின்றிருந்தது. யாரோ அள்ளிக்கொண்டு போகிறார்கள். வேறு யார், மச்சினன்தான். மீன்தொட்டிக் கடை வைத்திருப்பவன். போன மாதம் சாப்பிட வந்தவன், "ஒரு குழியில எத்தனை குஞ்சு வரும் மாமா?" என்று கேட்டானே, அது சும்மா கேட்ட கேள்வியா? அவன் வண்டி டயரில் ஆற்று மணல் வேறு.

"தொட்டிக்கு அடியில போட மணல் எடுத்திருப்பான்" என்றாள் மனைவி.

"உன் தம்பியை நீ விட்டுக்கொடுப்பியா?"

மறுநாளே கடைக்குப் போனார். மீன் வாங்க வந்தவர் மாதிரி ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார். மூலையில் மூடியிருந்த வாளியைத் திறந்தார். உள்ளே மீனுக்குப் போடும் புழு.

"என்ன தேடுறீங்க மாமா?"

"நீ ஒளிச்சு வெச்சதை."

மச்சினனின் முகம் சுண்டிப்போனது. அதற்குப் பிறகு அவன் அக்கா வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. அதையும் ஆமைக்காரர் சாட்சியாகவே எடுத்துக்கொண்டார்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்று ஒருநாள் விடியற்காலையில் கரையோர மோட்டார் அறைக்குப் பின்னால், பெரிய லென்ஸை மாட்டிக்கொண்டு பதுங்கினார். வெளிச்சம் வந்தது. மச்சினன் வரவில்லை. ஒரு காகம் வந்து நான்காவது குச்சியின் மேல் உட்கார்ந்தது. அடுத்த குச்சியில் இன்னொன்று. பிறகு ஒவ்வொன்றிலும்.

மணல் அசைந்து ஒரு குஞ்சு தலையை நீட்டியது. விரல் தானாகக் கேமரா பொத்தானை அழுத்திவிட்டது. அவர் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் காகம் கொத்திக்கொண்டு பறந்தது. அந்தக் குழியின் மற்ற குஞ்சுகள் தண்ணீரில் இறங்கும்வரை கையை வீசியபடி நின்றார். பிறகு மீதியிருந்த எட்டுக் குச்சிகளையும் பிடுங்கினார். அடையாளம் வைத்துக் காகங்களை அழைத்துவந்தது அவரேதான்.

நேராகக் கடைக்குப் போய்க் கேமராவை நீட்டினார். சிவப்புத் துணி, அதன் மேல் காகம், கீழே குஞ்சின் தலை. மச்சினன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"மீதி?"

"ஏழு குழி இருக்கு. குச்சியெல்லாம் பிடுங்கிட்டேன்."

"குச்சி இல்லாம எப்படிக் கண்டுபிடிச்சுப் படமெடுப்பீங்க?"

"எடுக்கப்போறதில்ல."

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வா" என்றார்.

மச்சினன் கேமராவைத் திருப்பிக் கொடுத்தான். "அக்காவைக் கூப்பிடச் சொல்லுங்க மாமா. வரேன்."