யூதாசுக்கு ஆள் தேவை

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று இரண்டு பேராவது தேடியிருப்பீர்கள். (ஒருவர் என் மாமனார். நான் உயிரோடு இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழியில்லை.) விலாவைச் சுற்றிக் கயிறு அறுத்த தடம், தோளில் சிராய்ப்பு, தொண்டை வேறு கட்டிக்கொண்டது. வைத்தியரிடம் போனேன். எப்படி ஆயிற்று என்று கேட்டார். தூக்கில் தொங்கினேன் என்றேன். மனிதர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டார்.

பயப்பட வேண்டாம். நாடகத்தில்தான்.

சிரிக்க வைப்பதுதான் இங்கே என் வேலை. ஆனால் இந்த வாரம் எனக்குக் கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் அது பழக்க தோஷம்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பாகூர் பக்கம். நெல், கரும்பு, ஒரு மாதா கோயில், கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சாராயக்கடை. வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் மைதானத்தில் சேசுநாதர் பாடுபட்ட கதையை நாடகமாகப் போடுவோம். கிருமாம்பாக்கத்திலிருந்தும் மணப்பட்டிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். இந்துக்களும் வந்து நம்மைவிட நன்றாக அழுவார்கள்.

வேஷங்கள் மாறுவதில்லை. கரும்புத் தோட்டக்காரர் சந்தியாகு அண்ணன்தான் இராயப்பர். தாடி சொந்தம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா மாமாதான் தீர்ப்புச் சொல்லிக் கையைக் கழுவும் பிலாத்து. காரணம், பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு ஊரிலேயே அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. தீர்ப்புச் சொல்லும்போது உணர்ச்சி மேலிட்டு இரண்டு வரி பிரெஞ்சில் விடுவார். யாருக்கும் புரியாது. தீர்ப்பென்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஜனங்கள் பயபக்தியோடு கேட்டுக்கொள்வார்கள்.

நான்? சேவல்.

சிரிக்காதீர்கள். ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, 'இவரை உனக்குத் தெரியுமா' என்று கேட்டவர்களிடம் அவருடைய சீடர் இராயப்பர் மூன்று தடவை 'எனக்குத் தெரியாது' என்று சாதித்தார் அல்லவா? மூன்றாவது 'எனக்குத் தெரியாது' காதில் விழுந்த மறுகணம் திரைக்குப் பின்னாலிருந்து நான் கூவ வேண்டும். உடனே சந்தியாகு அண்ணன் அழுவார். பல வருஷமாக எனக்கும் அவருக்கும் இதுதான் உறவு — அவர் புளுக, நான் கூவ.

ஆண்டவரைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தூக்குப் போட்டுக்கொண்ட யூதாசுக்கு மட்டும் எங்கள் ஊரில் தனி வழக்கம். ஊரில் யார் ரொம்ப மோசமோ, அவனுக்குத்தான் அந்த வேஷம். மானமுள்ளவன் எவன் அந்தச் சிவப்பு அங்கியைப் போட்டுக்கொள்வான்? கடைசியில் புளியமரத்துக் கிளையில் வேறு தொங்க வேண்டும். அங்கிக்குள் நெஞ்சைச் சுற்றி வார் கட்டி, அதில் கயிறு மாட்டி, மறைவில் நின்று இரண்டு பேர் இழுப்பார்கள். கழுத்துச் சுருக்கு பார்வைக்கு மட்டும். தெளிந்த புத்தியோடு எவனும் ஏறமாட்டான் என்று, ஊர்ச் செலவில் ஒரு புட்டி சாராயமும் உண்டு. அதற்கு 'யூதாசு பங்கு' என்றே பேர்.

இந்தப் பங்கைப் பல வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தவன் சின்னப்பன். கரும்பு வண்டி ஓட்டுகிறவன். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் அவன் விழாத வாய்க்கால் இல்லை. வீட்டுக்குப் போனதும் அவன் மனைவி சவரியம்மாள் வாங்காத அடியும் இல்லை.

போன வருஷம் கயிறு இழுக்க நின்றவர்களும் யூதாசு பங்கில் பங்கு கேட்டிருக்கிறார்கள். இழுத்தார்கள். வார் நழுவிவிட்டது. கழுத்துச் சுருக்கு இறுகியது. சின்னப்பன் காலை உதறுகிறான், கண் பிதுங்குகிறது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா?

கைதட்டினோம்.

ஒரே ஒருத்தி தட்டவில்லை. சவரியம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து, அவன் இரண்டு காலையும் தன் தோளில் தாங்கித் தூக்கிப் பிடித்தாள். அவன் அடித்து அடித்துக் கன்றிப்போன தோள் அது.

கழுத்துக் காயம் ஆறியதும் சாமியாரிடம் போய்ப் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தான். அதில் ஒன்றும் அதிசயமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோரும் செய்கிறோம், வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறோம். நானே சாட்சி. ஆனால் அன்று திரும்பும் வழியில் அவன் என்னிடம் சொன்னதை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

"அண்ணே, யூதாசும் தப்புப் பண்ணான், இராயப்பரும் தப்புப் பண்ணாரு. இவுரு அழுதுனு இருந்தாரு. அவன் அவசரப்பட்டுட்டான். ரெண்டு நாளு பொறுத்திருந்தான்னா ஆண்டவரே எந்திரிச்சி வந்து அவனயும் பேரு சொல்லிக் கூப்ட்ருப்பாரு. நான் அவசரப்படல அண்ணே. இருந்து பாக்கப் போறேன்."

இருந்து பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று குடித்தவனுக்குத்தான் தெரியும். பொழுது சாய்ந்தால் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்புகிறது. அதனால் மணியடிக்கும் கோயில்பிள்ளையிடம் கெஞ்சி, சாயங்காலச் செப மணி அடிக்கும் வேலையைத் தான் வாங்கிக்கொண்டான். கையில் கயிறு இருந்தால் கால் போகாது — அவன் கணக்கு அவ்வளவுதான். பழைய கூட்டாளிகள் மணிக்கூண்டுக்குக் கீழே வந்து நின்று கிளாசை ஆட்டிக் காட்டியிருக்கிறார்கள். அவன் அடித்துக்கொண்டே இருந்தான். சில நாள் மணி வழக்கத்தைவிட நீளமாக அடிக்கும். அன்றைக்கு அவனுக்குத் தாகம் அதிகம் என்று அர்த்தம்.

அந்த மணி கேட்டுத்தான் ஒரு வருஷமாக ஊரே விளக்கேற்றி மண்டியிடுகிறது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

பெரிய வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வரும் தபசுகாலம் பாதி கடந்த ஒரு ஞாயிறு. பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் நாடகக் கூட்டம். சந்தியாகு அண்ணன் வேஷங்களைப் படித்துக்கொண்டே வந்தார். யூதாசு, சின்னப்பன் என்று சொல்லிவிட்டு, எச்சில் விழுங்கக்கூட நிற்காமல் அடுத்த பேருக்குப் போனார்.

சின்னப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றான். "இந்த வருசம் வேணாங்க."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. "யூதாசுக்கே ரோஷம் வந்துடுச்சிடா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

"ரோஷம் இல்லீங்க. பயம்" என்றான். "பெரிய வெள்ளிக்கிழம மணி கெடையாது. அன்னிக்கிப் பொழுது சாயறப்ப எங்கையில கவுறு இருக்காதுங்க. அந்த நேரம் பாத்துப் புட்டியக் குடுத்தீங்கன்னா... நான் போயிடுவேங்க."

உண்மை. ஆண்டவர் மரித்த துக்கத்துக்குப் பெரிய வியாழக்கிழமையிலிருந்து அவர் உயிர்த்த பாஸ்கு ஞாயிறு வரைக்கும் கோயில் மணி அடிப்பதில்லை. வருஷம் முழுவதும் அவனைக் கட்டிப்போட்ட கயிறு அந்த நாட்களில் இல்லை. அந்த நாளாகப் பார்த்து நாம் கொடுப்பது தூக்குக் கயிறும் சாராயமும்!

ஒரு மனிதன் நாலு பேர் முன்னால் நின்று, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்கிறான். நாலு பேருக்கும் செபமாலை இருக்கிறது. என்ன செய்திருக்க வேண்டும்? இவர்கள் சொன்னது: குடிக்காமல் ஏறேன். ஒரு வருஷத்தில் எவன் திருந்துவான். நாடகம் கெட்டுப்போகும். இவனைப் போல் யார் துடிப்பார்கள்...

துடித்தானாம்! உயிர் போகத் துடித்ததைச் சொல்கிறார்கள்!

சாமியார் மெதுவாகத் தலையிட்டார். அவன் மனம் திரும்பியிருக்கிறானே, வேறு யாராவது செய்யக்கூடாதா என்றார். (அதையே கொஞ்சம் அதட்டிச் சொன்னால்தான் என்ன? அவர் மேலும் எனக்குக் கோபம்தான்.)

"அவன் திருந்தினானா இல்லியா, எனக்குத் தெரியாது சாமி" என்றார் சந்தியாகு அண்ணன்.

ஒரு வருஷமாக மணி அடிப்பது யார் என்று சாமியார் கேட்டார்.

"மணிய எவன் அடிக்கறான்னு எனக்குத் தெரியாது." அவர் கரும்புத் தோட்டம் மணிக்கூண்டை ஒட்டித்தான் இருக்கிறது.

மாற்று ஆளைத் தேடி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்கள். ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு. ஒருவருக்குப் பெண் கல்யாணம் நெருங்குகிறதாம், யூதாசு சம்பந்தம் என்று பேசுவார்களாம். சொல்தா மாமா இந்த விஷயத்திலும் கையைக் கழுவிக்கொண்டார். பார்வை என் பக்கம் நகர்ந்து வந்தது.

என் நிலைமையைக் கேளுங்கள். உள்ளே கோபம் கொதிக்கிறது, கண் வெளியே போக வழி தேடுகிறது. இந்த அநியாயத்தைத் தட்டிக் கேட்டால் அடுத்த யூதாசு நான்தான் என்று தெரியும். முன்னால் நின்ற தடித்த ஆசாமியின் முதுகுக்குப் பின்னால் குனிந்தேன். அவர் நகர்ந்தார். நானும் நகர்ந்தேன். அவர் தும்மினார். நானும் காரணமில்லாமல் தும்மினேன்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து சவரியம்மாள் முன்னால் வந்தாள். சத்தம் போடவில்லை.

"இவுரு மறுபடியும் வுழுந்துட்டாருன்னா, எந்தோளுக்கு யாருங்க பதில் சொல்றது?"

சந்தியாகு அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்குத் தெரியாது."

மூன்று!

"கொக்கரக்கோ... கோ...!"

சத்தியமாகச் சொல்கிறேன், அது வீரம் இல்லை. பழக்கம். இத்தனை வருஷம் அந்தக் குரலில் மூன்றாவது 'தெரியாது' கேட்டுக் கூவிய தொண்டை — அது என்னைக் கேட்கவில்லை. நான் வாயைப் பொத்தினேன். பொத்திய கைக்குள்ளிருந்து மிச்சம் கொஞ்சம் கூவல் வெளியே வந்தது.

முற்றம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. சாமியார் தரையைப் பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் சிரிப்புப் புறப்பட்டது. சந்தியாகு அண்ணன் தாடி துடித்தது.

"சேவலுக்கு அவ்ளோ கொழுப்பா? அப்ப நீயே தொங்குடா."

தொங்கினேன்.

என் மனைவி அன்றே முடிவு சொல்லிவிட்டாள். "ஒட்டடை அடிக்க முக்காலில ஏறினாலே வெடவெடங்குது. நீங்க மரத்துல தொங்கப் போறீங்களா?" தபசுகாலம் முழுக்க நான் உண்மையாகத் தபசு செய்தது அந்த இரண்டு வாரம்தான். கனவில்கூடக் கீழே விழுந்துகொண்டே இருந்தேன்.

பெரிய வெள்ளிக்கிழமை. ஆண்டவரைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் ஓடி, சிவப்பு அங்கியோடு சேவலாகக் கூவி (வேறு தொண்டை கிடைக்கவில்லை), புளியமரத்தடிக்கு வந்தேன். அங்கே கயிறு பிடிக்கும் ஆட்களை விலக்கிவிட்டுச் சின்னப்பன் நின்றான்.

"ஒங்க கவுற எங்கிட்டக் குடுங்க அண்ணே. இன்னிக்கி எங்கையில ஒரு கவுறு வேணும்."

என் நெஞ்சு வாரை அவனே கட்டினான். இழுத்துப் பார்த்தான். மறுபடி கட்டினான். அதற்குள் சந்தியாகு அண்ணன் பண்ணையாள் யூதாசு பங்கைக் கொண்டுவந்தான். பழைய ஞாபகத்தில் நேராகச் சின்னப்பன் கையில் வைத்துவிட்டான்.

பொழுது சாய்கிற நேரம். மணி இல்லை. ஒரு கையில் என் கயிறு, மறு கையில் புட்டி. மூடியைத் திறந்தே கொடுத்திருந்தார்கள், வாசனை எனக்கே எட்டியது. சின்னப்பன் மூக்கு விடைத்தது. புட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குத் தெரிந்த செபங்களெல்லாம் பாதி பாதியாக வந்தன. அது என் உயிருக்காகவா அவன் உயிருக்காகவா என்று ஆண்டவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

"ஒங்களுக்கு வேணுமா அண்ணே?" என்றான் கடைசியில்.

தலையாட்டினேன். உடம்பு முழுவதும் ஆடியது, தலையும் கூடச் சேர்ந்து ஆடியது. அவன் அதை 'வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டான். புட்டியை ஆளிடம் நீட்டினான்.

"யூதாசு இந்த வருசம் குடிக்கறதில்லியாம். எடுத்துனு போ."

பிறகு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தான். நான் மேலே போனேன். வசனத்தில் இல்லாத புனிதர்களையெல்லாம் கூப்பிட்டுக் கதறினேன். ஜனங்கள் கைதட்டினார்கள். கயிறு இம்மி நழுவவில்லை. இறங்கி வந்து பார்த்தால் அவன் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. சவரியம்மாள் தன் முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நல்ல முடிவுதானே, இன்னும் என்ன கோபம் என்கிறீர்களா?

இருக்கிறது. அன்று என் கூவலைக் கேட்டுச் சந்தியாகு அண்ணன் மேடையில் அழுத அழுகை இருக்கிறதே — தாடி நனைந்தது. பாஸ்கு பூசையில் சின்னப்பனைக் கண்டதும் அதே தாடி அடுத்த பக்கம் திரும்பிக்கொண்டது. மனம் திரும்பு, மனம் திரும்பு என்று ஒருவனை வருஷமெல்லாம் விரட்டுகிறோம். அவன் திரும்பி வந்து நின்றால், பழைய ஆளை எங்கே காணோம் என்று கேட்கிறோம். நமக்கு வேண்டியது திருந்தியவன் இல்லை. நம்மைவிட மோசமாக ஒருவன் எப்போதும் இருக்க வேண்டும். அவன் இல்லாமல் போனால் நம் பக்தி ஆட்டம் காண்கிறது.

ஆண்டவர் மன்னித்துவிட்டார். ஊர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது!

இதை எழுதும்போது சாயங்கால மணி அடிக்கிறது. கயிறு பழையபடி அவன் கைக்கு வந்துவிட்டது. இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் அடிக்கிறது. அடிக்கட்டும்.

பாஸ்கு அன்று சந்தியாகு அண்ணன் வீட்டில் சேவல் குழம்பாம்... அவர் வீட்டிலிருந்த ஒரே சேவல்!