அப்பா எழுதிய மனு

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் இது நடந்தது. எனக்கு அப்போது இருபது வயது. வடக்கே ஒரு ராணுவ அகாடமியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் காலையில் டிரங்குப் பெட்டியோடு புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். லீவில் வரவில்லை. பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டேன், வெளியே அனுப்பிவிட்டார்கள். அங்கே மற்ற தப்புக்கெல்லாம் ஓடவிடுவார்கள், வெயிலில் நிற்கவைப்பார்கள். இதற்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. தெரிந்துதான் செய்தேன், அதனால் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

முத்தியால்பேட்டைக்கு ஆட்டோவில் போகும்போதுதான் பயம் பிடித்தது. எங்கள் தெருவில் மூன்று சொல்தா வீடுகள் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர்களுக்குத் தெருவில் தனி மரியாதை. அப்பா அரசு அலுவலகத்தில் சாதாரண கிளார்க், நாங்கள் இருந்தது வாடகை வீடு. எனக்கு இடம் கிடைத்த அன்று அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டு, "இனிமே நம்ம வூடும் சொல்தா வூடுதான்" என்றார். அந்த மனுஷனிடம் போய் என்னவென்று சொல்வது? வாசலில் ஷூவைக் கழற்றும்போதே வாய் தானாகச் சொல்லிவிட்டது: டிரெயினிங்கில் முட்டியில் அடி, இனி ராணுவத்துக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். எனக்கு ஒன்பது போதவில்லை. நொண்டி நொண்டி நடந்தேன். எந்தக் கால் என்று நானே குழம்பிய நாளும் உண்டு. அம்மா தினம் சாயங்காலம் தைலத்தைச் சூடு பண்ணித் தேய்த்துவிட்டாள். அப்பா லீவு போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் அழைத்துப் போனார். எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியவில்லை என்றார் டாக்டர். வெளியே வந்ததும், உள்ளடி எக்ஸ்ரேயில் தெரியாது, கவலைப்படாதே என்று அப்பாவே எனக்குச் சமாதானம் சொன்னார். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து அப்பா பெயருக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தது. நான் சேரும்போது அப்பா முத்திரைத்தாளில் ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். பையன் தானாக விட்டு வந்தாலோ, தப்புச் செய்து வெளியே அனுப்பப்பட்டாலோ, அதுவரை ஆன படிப்புச் செலவு முழுவதையும் பெற்றவர் திருப்பிக் கட்ட வேண்டும். உடம்புக்கு முடியாமல் வந்தால் கட்ட வேண்டாம். நான் அங்கே தங்கிய ஒவ்வொரு வாரத்துக்கும் கணக்குப் போட்டு, மொத்தத்தையும் கட்டச் சொல்லியிருந்தது கடிதம். என்ன காரணம் என்று அதில் இல்லை, விதியின் எண் மட்டும் போட்டிருந்தது.

அப்பா பதறவே இல்லை. இருபத்தைந்து வருஷம் ஆபீஸில் இருந்தவர் அல்லவா, அங்கே ஃபைல் மாறிப்போயிருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார். எவனோ ஒரு கிளார்க் தப்பாகப் போட்டுவிட்டான், எழுதினால் சரி செய்துவிடுவார்கள் என்றார். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் அப்பாவிடம்தான் வருவார்கள். என் மனுவை மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். இங்கிலீஷ் சரியாக இருக்கிறதா பார் என்று என்னிடமே நீட்டினார். அதில் ஒரு வரி இருந்தது. என் மகன் இதுவரை என்னிடம் பொய் சொன்னதில்லை, அவன் சொல்லை நம்பியே இதை எழுதுகிறேன் என்று.

அதைப் படித்த நிமிஷமாவது அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தேன். தபாலாபீஸுக்கும் நானேதான் போனேன். கிழித்துப் போட்டுவிடலாமா என்று கவரைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். அப்பா ரசீது கேட்பார். அதற்குப் பயந்துகொண்டு அனுப்பிவிட்டேன்.

பதில் வர ஒரு மாதம் ஆனது. தபால்காரரைத் தெருமுனையில் கண்டாலே வீட்டுக்குள் போய்விடுவேன். கடைசியில் பதில் வந்த அன்று நான் வீட்டில் இல்லை. திரும்பி வந்தபோது அப்பா ஆபீஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பதிலோடு ஒரு ஜெராக்ஸும் வைத்து அனுப்பியிருந்தார்கள். பார்த்து எழுதியது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, என் கைப்பட நான் எழுதிக் கொடுத்த கடிதம். அது நான் எழுதியதில்லை என்று சாதிக்கவும் வழியில்லை. எனக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவரே அப்பாதான்.

"இத மொதல்லயே சொல்லி இருந்தா, நான் அந்த மனுவ எழுதி இருக்க மாட்டேனேப்பா" என்றார். எழுந்து போய் முகம் கழுவினார்.

வீடு கட்டுவதற்காக அரியாங்குப்பத்தில் அப்பா ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். அதை விற்றுத்தான் அந்தப் பணத்தைக் கட்ட முடிந்தது. மனையை வாங்கியவர் இரும்புக் கடை வைத்திருந்த ஒரு பாய். பத்திரம் பதிய வேண்டி சார்பதிவாளர் ஆபீஸில் காத்திருந்தபோது, நல்ல மனையை ஏன் அவசரப்பட்டு விற்கிறீர்கள் என்று அவர் அப்பாவிடம் கேட்டார். லீவு லெட்டரில்கூட வராத காய்ச்சலை எழுதாதவர் என் அப்பா. பெற்றவர் வாயாலேயே நாலு பேருக்கு முன்னால் என் மானம் போகப்போகிறது என்று நினைத்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பையனுக்கு டிரெயினிங்ல முட்டி போயிடுச்சு பாய். வைத்தியம் பாக்கணும்."

பாய் என் காலைப் பார்த்தார். உடனே எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளி, "நிக்காத தம்பி, ஒக்காரு" என்றார். அப்பா நின்றுகொண்டிருந்தார். நான் உட்கார்ந்தேன்.

பிறகு ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, ஏழு வருஷத்தில் அந்தப் பணத்தை அப்பாவிடம் கொடுத்து முடித்தேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார். அதற்குள் அரியாங்குப்பத்தில் மனை விலை எங்கேயோ போய்விட்டது. அப்பா போன வருஷம் அதே வாடகை வீட்டில்தான் கண்ணை மூடினார். கொள்ளிச்சட்டியை நான் கையில் எடுத்தபோது, தெருக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, "அவ்ளோ தூரம் நடக்க முட்டி தாங்குமா தம்பி? அப்பா எப்பவும் அதையேதான் சொல்லி வருத்தப்படுவாரு" என்றார். தாங்கும் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

எனக்காக அவர் அத்தனை வருஷம் சுமந்த அந்தப் பொய்யை, அவர் உயிரோடு இருக்கும்போதே நாலு பேர் அறிய நான் இறக்கி வைத்திருக்க வேண்டும். இன்றைக்கும் பெயர் போடாமல் இங்கே எழுதுகிற அளவுக்குத்தான் எனக்குத் தைரியம் வந்திருக்கிறது.