ஐம்பது அடிக்குள் ஒரு கிணறு

அன்றைக்கு எங்கள் வீட்டு வளவில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் கணவர், என் தங்கை, சுகாதாரப் பரிசோதகர், பிரதேச சபையிலிருந்து வந்த தொழில்நுட்ப அலுவலர், எங்கள் வட்டார உறுப்பினர், மேசன். வேறு ஒருவரும் இல்லை. பிறகு சபையில் கூப்பிட்டு விசாரித்தபோதும் இதையேதான் சொன்னேன். பரிசோதகர் கேட்ட கேள்வி எல்லாருடைய காதிலும் விழுந்தது.

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே, காட்டோரமாக இருக்கிறது எங்கள் ஊர். வீட்டுக்கொரு மலசலகூடம் என்று அந்த வருடம் சபை தீர்மானம் போட்டிருந்தது. காசு இரண்டு தவணை. அத்திவாரம் போட முதலாவது. கட்டி முடித்து, பரிசோதகர் சரி என்று கையெழுத்து வைத்தால் இரண்டாவது. நடுவில் வருகிற செலவை நாங்கள்தான் எங்கேயாவது பிரட்ட வேண்டும்.

கடைசிச் சண்டையில் என் தங்கைக்கு இடது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. அவள் எங்களோடுதான் இருக்கிறாள். எங்களிடம் இருந்தது படங்குச் சீலை சுற்றிக் கட்டிய ஒரு குழி. மாரியில் அதுவும் நிரம்பிவிடும். பிறகு பற்றைதான். அவளால் குந்த முடியாது. ஒரு கையால் மரத்தையும் மற்றக் கையால் என்னையும் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பற்றைக்குள் யானை வரும். இலை அசைந்தாலே அவளைத் தாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை, எந்த வெயிலுக்கும்.

சலம் போகும்போது எரிகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் இரண்டு தடவை வாட்டில் தங்க மறித்தார்கள். இப்படியே விட்டால் சிறுநீரகம் பழுதாகும் என்று டொக்டர் சொன்னார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அது எப்படிப் பழுதாகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் எல்லா விதமாகவும் பழுதாவதாக யோசித்துக்கொண்டு நித்திரை இல்லாமல் கிடப்பேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அவள் தண்ணீர் குடிக்க வேண்டும்.

அன்றைக்கு அலுவலர் அளவுநாடாவின் ஒரு நுனியை எங்கள் கிணற்றுக் கட்டில் வைத்துப் பிடிக்க, மேசன் மற்ற நுனியை இழுத்துக்கொண்டு வேலிப்பக்கம் போனார். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் ஐம்பது அடி இருக்க வேண்டும் என்பது சட்டம்.

"இழுத்து இழுத்து என்ர கக்கூசை முல்லைத்தீவில கொண்டுபோய் வைச்சிடாதேங்கோ," என்றாள் தங்கை கதிரையில் இருந்தபடி. "ஒற்றைக் காலோட அவ்வளவு தூரம் கெந்த என்னால ஏலாது."

பரிசோதகர் சிரித்தார். சின்ன வயது, நல்ல பிள்ளை. "கொமட் வைச்சுக் கட்டுவம் அக்கா. ராணி மாதிரி இருக்கலாம்."

"ராணிக்கு ஆர் தண்ணி அள்ளி ஊத்துறது? அத்தானோ?"

என் கணவர் வெட்கப்பட்டு மற்றப் பக்கம் பார்த்தார். அந்தச் சிரிப்புக்குள்தான் பரிசோதகர் கேட்டார்:

"பக்கத்து வளவில கிணறு ஏதும் இருக்கோ?"

"இல்லை சேர்," என்றார் கணவர்.

"அது வெறும் வளவு, தம்பி," என்றார் உறுப்பினர்.

மேசனும் தலையாட்டினார். நானும் தங்கையும் வாய் திறக்கவில்லை. வேலிக்கு அப்பால் எருக்கலை மூடிய ஒரு மேடு தெரிந்தது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

அந்த மேடு கிணறுதான். ஆனாலும் அன்று ஒருவரும் பொய் சொல்லவில்லை. சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அதற்குள் என்ன கிடந்தது என்பதை நான் எழுதமாட்டேன். எடுக்க வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனபிறகு, ஊரார் சேர்ந்து பனங்குற்றிகளை அடுக்கி, மேலே மண் போட்டு மூடினோம். செத்த வீட்டுக்குப் போய் வந்ததுபோல எல்லாரும் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனோம். அதன்பிறகு அதைக் கிணறு என்று யாரும் வாயால் சொன்னதில்லை. மாடு அந்தப் பக்கம் போனால் "மேட்டடியில நிக்குது" என்போம். சொல்லாமல் விட்டு விட்டு, அது எங்களுக்கு உண்மையாகவே மேடாகிவிட்டது.

சீமெந்து, கல், கம்பி, தகரம், கொமட் எல்லாம் சந்தி ஹார்ட்வெயார் கடையில் கடனுக்கு எடுத்தோம். கடைக்காரரை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். "ரெண்டாம் தவணை வரட்டும் தங்கச்சி, அதுக்குள்ள ஓடியா போகப்போறீங்க?" என்றார்.

கட்டி முடிந்தது. தங்கை கைப்பிடியைப் பிடித்துத் தானாகவே போய்வந்தாள். பின்னேரங்களில் என் கண்முன்னாலேயே போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவாள். "பார், ஒரு சொட்டு இல்லை. இனியாவது படு அக்கா." நான் படுத்தேன். நித்திரையும் வந்தது.

கையெழுத்துக்காகக் காத்திருந்த நாட்களில் பக்கத்து வளவுக்காரரின் மகள் இரண்டு சின்னப் பிள்ளைகளோடு குடியிருக்க வந்தாள். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டில் வளர்ந்தவள். வளவில் கிணறு இருந்தது என்று தகப்பன் சொல்லியிருந்தாராம். ஆட்களைப் பிடித்து மேட்டைக் கிண்டி, குற்றிகளை எடுப்பித்து, மோட்டர் வைத்து இறைத்தாள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நல்ல ஊற்று அக்கா!" என்று அவள் கூப்பிட்டுச் சொன்னாள். இரண்டு பிள்ளைகளை வைத்திருப்பவளிடம் எதைச் சொல்லி மறிப்பது? "சுண்ணாம்பு போடு பிள்ளை," என்று மட்டும் சொன்னேன். போட்டாள்.

மழை பெய்தது. சின்னவனுக்கு வயிற்றோட்டம் பிடித்து, சேலைன் ஏற்றும் அளவுக்கு வந்துவிட்டது. பரிசோதகர் வந்து கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்துப்போனார். மலக் கிருமி என்று முடிவு வந்தது. திரும்பவும் நாடாவை இழுத்தார். எங்கள் குழிக்கும் அந்தக் கிணற்றுக்கும் இருபத்தெட்டு அடி.

அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியடிக்கு வந்தாள். பிள்ளையின் கண் உள்ளுக்குப் போயிருந்தது.

"கிணறு இருக்கெண்டு உங்களுக்குத் தெரியாதோ அக்கா?"

"தெரியும் பிள்ளை."

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

தங்கைதான் சொன்னாள்: "அதுக்குள்ள தண்ணி இருக்கெண்டு நாங்கள் நினைக்கேல்லை."

பரிசோதகரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கேட்டவர், நாங்கள்தான் இல்லை என்றவர்கள். குழியை அடைக்கச் சொல்லிக் கட்டளை வந்தபோது அவரே வந்து, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் நின்றார். "குழிக்குப் பதிலா அடிப்பக்கம் கொங்கிறீட் போட்ட ராங்கி, ஒழுகாத தொட்டி, கட்டினால் விடலாம் அக்கா. கட்டினாத்தான் கையெழுத்து. கையெழுத்து இருந்தாத்தான் காசு."

"காசு இருந்தாத்தானே தம்பி கட்டலாம்," என்றாள் தங்கை. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

உறுப்பினர் சபையில் கதைத்துப் பார்த்தார். வேறு இடம் தேடி அளந்தும் பார்த்தார்கள். எங்கள் ஒடுங்கின வளவில் எந்த மூலையில் வைத்தாலும் ஏதோ ஒரு கிணற்றுக்கு ஐம்பது அடிக்குள்தான் வந்தது. ராங்கிக்குச் சீமெந்து கேட்டு நானாவிடம் போனேன். அவர் கல்லாவை மூடிவிட்டு வெளியே வந்து நின்று கதைத்தார்.

"கோவிக்காதீங்க தங்கச்சி. நானும் கொழும்பில சாமான் தாறவனுக்குக் கட்டணும். பழையதை முடிச்சுப்போட்டு எவ்வளவு வேணுமெண்டாலும் ஏத்திட்டுப் போங்க."

குழியை அடைத்தாகிவிட்டது; திரும்பவும் பற்றைதான். போன கிழமை தங்கையை மூன்றாவது தடவையாக வாட்டில் மறித்தார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி மாதாமாதம் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மத்தியானம் திரும்பினால் அவள் கோப்பையைக் கையால் தள்ளிவிடுகிறாள். ராங்கி கட்டும்வரை அவளிடம் குடி என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நானாவுக்கு இன்னும் எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபா கொடுக்க வேண்டும்.